கருகிய காடும் மரங்கொத்தியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ரெட்-காக்கேடட் மரங்கொத்தியைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள கிரீன் ஸ்வாம்ப் காட்டுக்குக் குடும்பத்தோடு ஒரு நண்பகலில் போயிருந்தோம். பூச்சியுண்ணும் குடுவைச் செடிகளைக் கண்டோம். அந்த மரங்கொத்தியைக் காணவில்லை. பாதையின் ஒரு பக்கம் முழுவதையும் தீயிட்டுக் கருக்கியிருந்தார்கள். காக்க வேண்டியவர்களே பறவைகளின் இருப்பிடத்தைக் கொளுத்தலாமா?

ஒரு வாசகர், ராலே

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்தத் தீ இல்லையென்றால் நீங்கள் தேடிச் சென்ற பறவையும் அங்கே இருக்காது.

நீங்கள் பார்த்த லாங்லீஃப் பைன் (நீண்ட ஊசியிலைகள் கொண்ட பைன் மரம்) காடு, மின்னல் மூட்டும் தரைத்தீயோடு பழகி வளர்ந்த காடு. அதன் கன்று சில ஆண்டுகள் புற்கொத்துபோலத் தரையோடு தங்கி, நீண்ட ஊசியிலைகளால் தன் குருத்தைப் பொதிந்துகொள்வதால், தீ ஓடிக் கடந்த பின்னும் பிழைத்துக்கொள்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் எரியாத இடத்தில் புதர் மண்டும். வெயிலை நம்பி வாழும் குடுவைச் செடிகள் நிழலில் நலியும். பொந்தின் உயரத்துக்குப் புதர் எழும்பினால் மரங்கொத்தி அதைக் கைவிட்டுவிடும். ஒருகாலத்தில் சுமார் 9 கோடி ஏக்கரில் விரிந்திருந்த இக்காடு சுருங்கியதற்கு, மரம் வெட்டியதோடு தீயை வரவிடாமல் தடுத்ததும் காரணம்.

இந்த மரங்கொத்தி உயிருள்ள பைன் மரத்தில்தான் பொந்து குடையும். பூஞ்சையால் வைரம் (தண்டின் நடுவிலுள்ள கடினமான பகுதி) இளகிய முதிய மரமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தும், வேலை முடிய ஆண்டுக்கணக்கில் ஆகும். பிறகு பொந்தைச் சுற்றிச் சிறு துளைகள் இட்டு, பிசின் ஓயாமல் வழியும்படி செய்கிறது. மரமேறும் பாம்பு அந்தப் பிசினை எளிதில் தாண்ட முடியாது. அத்தகைய மரமொன்றின் அடியில் நின்று பார்த்திருக்கிறேன்: மெழுகுவத்தி உருகி உறைந்ததுபோல் தண்டு முழுவதும் வெண்மை. 1989இல் ஹியூகோ புயல் தென் கரோலினாவின் பிரான்சிஸ் மேரியன் காட்டில் பொந்து மரங்களில் பெரும்பாலானவற்றை முறித்தபோது, மிஞ்சிய மரங்களில் மரப்பெட்டிகளைப் பதித்துச் செயற்கைப் பொந்துகள் அமைத்தே இப்பறவையைக் காப்பாற்றினார்கள். 2024இல்தான் அது அமெரிக்க அரசின் 'அருகிவரும் இனம்' என்ற நிலையிலிருந்து, ஆபத்து ஒரு படி குறைந்த நிலைக்கு மாற்றப்பட்டது.

நண்பகலில் அது இரை தேடித் தொலைவுக்குப் போயிருக்கும். விடிவதற்கு முன்பே போய், வெண்பிசின் வழியும் மரத்திலிருந்து சற்று விலகி, அசையாமல் காத்திருங்கள். இரவில் தனித்தனிப் பொந்துகளில் உறங்கிய குடும்பம் ஒவ்வொன்றாக வெளியே வந்து, கூப்பிட்டபடி ஒன்றுகூடும். பெயரிலுள்ள சிவப்பைத் தேடாதீர்கள். ஆணின் தலையோரத்தில் மட்டும் உள்ள அந்தச் சில இறகுகள் எளிதில் கண்ணில் படுவதில்லை. பெரிய வெள்ளைக் கன்னமே அடையாளம். திரும்பும் வழியில், எரித்துச் சில மாதங்களான பகுதியில் சற்று நில்லுங்கள். ஒரு நீண்ட சீழ்க்கையும் அதைத் தொடர்ந்து ஒரு அதிர்வொலியும் கேட்டால், அது பாக்மன் குருவி.