சிங்கப்பூர் சொகுசுக் கப்பலில் ஒரே இரைச்சல். அமைதியான விடுமுறைக்கு இன்னும் உயர்ந்த கம்பெனிக்கு மாறலாமா?

"சிங்கப்பூரிலிருந்து மனைவியோடு மூன்று இரவு க்ரூஸ் போனோம், கூட்டமும் கூச்சலும் தாங்கவில்லை, கூடப் பணம் போட்டு உயர்தரக் கம்பெனிக்குப் போனால் நிம்மதி கிடைக்குமா" என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் எந்த உயர்தரம் என்பதில்தான் பலரும் காசைத் தொலைக்கிறார்கள். நானும் தொலைக்கப் பார்த்தேன்.

நீங்கள் அநேகமாக மே மாதமோ ஜூன் மாதமோதான் போயிருப்பீர்கள். மே என்றால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு லீவு, ஜூன் என்றால் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு லீவு. நாங்கள் போனது ஜூன் முதல் வாரம். இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

என் மனைவி 34 வருடம் அரசுப் பள்ளி ஆசிரியை, அதில் கடைசி ஆறு வருடம் தலைமை ஆசிரியை. அவள் ஓய்வு பெற்றதும் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் ஆசை ஆசையாக டிக்கெட் போட்டுக் கொடுத்தான். கப்பலின் பெயர் வேண்டாம். பெரிய கப்பல், அன்றைக்கு நாலாயிரம் பேருக்கு மேல் ஏறியிருந்தார்கள். ஒவ்வொரு அறிவிப்புக்கும் முன்னால் "டிங் டாங்" என்று ஒரு மணி. பிங்கோ ஆரம்பம், டிங் டாங். கைக்கடிகாரம் தள்ளுபடி, டிங் டாங். ஒவ்வொரு தடவையும் இவள் கையிலிருக்கும் டீயைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவாள். முதல் நாள் நான் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம்தான் புரிந்தது, அடுத்த பீரியடுக்குக் கிளம்புகிறாள்.

எங்கள் கேபின் நீச்சல் குள டெக்குக்கு நேர் கீழே. விடிகாலை ஐந்து மணிக்குத் தலைக்கு மேல் நாற்காலிகளை இழுத்துப் போடுவார்கள். எழுந்து மேலே போனால் எல்லா நாற்காலியிலும் துண்டும் செருப்பும் கிடக்கும், ஆள் இருக்காது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது நம் ஈரோடு பஸ் ஸ்டாண்டின் கண்டுபிடிப்பு என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் மகன் போனில் கேட்டபோது, "சூப்பரா இருக்குது கண்ணு" என்றாள். போனை வைத்துவிட்டுக் காதில் பஞ்சை வைத்துக்கொண்டாள். இதை இங்கே எழுதுவது அவனுக்குத் தெரியாது. படித்தால் படித்துக்கொள்ளட்டும். அவன் மேல் குற்றமில்லை, அந்தக் கப்பல் மேலும் இல்லை. குடும்பத்தோடு போய்க் கும்மாளம் போடுபவர்களுக்கு அது அருமையான கப்பல். குழந்தைகளே பிடிக்காதவர்கள் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு நடுவில் 34 வருடம் இருந்துவிட்டு வந்தவள் ஒரு வாரம் சும்மா இருக்க ஆசைப்பட்டாள், அவ்வளவுதான்.

இன்னொன்று. எங்கள் வீட்டுக்கு இரண்டு கட்டடம் தள்ளி ஒரு கல்யாண மண்டபம். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழா மாதிரி நாட்களுக்கு அரசு விலக்குக் கொடுத்தாலும் நள்ளிரவு 12 வரைதான், அதுவும் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் முடியாது. இதை அச்செடுத்து மண்டபத்து மேனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, "சார், சாப்டுட்டுப் போங்க" என்றார். மூன்று முறை புகார் கொடுத்து, இப்போது எங்கள் தெருவில் எனக்குச் "சவுண்டு சார்" என்று பெயர். அமைதிக்குக் காசு கொடுப்பதைத் திமிர் என்பவர்கள் முகூர்த்த மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கட்டும்.

சரி, கப்பலுக்கு வருகிறேன். இந்தத் தொழிலில் படிநிலைகள் உண்டு. ராயல் கரீபியன், கார்னிவல், நார்வீஜியன், எம்எஸ்சி எல்லாம் வெகுஜன வண்டிகள். அதற்கு ஒரு படி மேலே செலிபிரிட்டி, ஹாலந்து அமெரிக்கா, பிரின்சஸ். அடுத்து ஓஷியானியா, அஸமாரா, வைக்கிங். உச்சியில் சில்வர்சீ, சீபோர்ன், ரீஜென்ட். வேடிக்கை என்னவென்றால் சில்வர்சீயும் செலிபிரிட்டியும் ராயல் கரீபியன் குழுமத்துடையவை, சீபோர்ன் கார்னிவல் குழுமம், ஓஷியானியாவும் ரீஜென்டும் நார்வீஜியன் குழுமம். ஒரே கடை முதலாளி மாடிக்கு மாடி வேறு போர்டு மாட்டியிருக்கிறார்.

நான் நேராக உச்சிக்குத்தான் போகப் பார்த்தேன். மனைவியின் ஓய்வுக்காலப் பணம் கொஞ்சம் இருந்தது. (வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, மகள் கல்யாணமும் முடிந்துவிட்டது. "அந்தக் காசுக்கு ரெண்டு சென்ட் எடம் வாங்கியிருக்கலாமே" என்று என் மைத்துனர் ஏற்கெனவே கேட்டாயிற்று, நீங்கள் கேட்க வேண்டாம்.) முன்பணம் கட்டுவதற்கு முந்தின நாள் விலையில் என்னவெல்லாம் அடக்கம் என்று மனைவி உட்கார்ந்து படித்தாள். கணக்கு டீச்சர். ஷாம்பெயின், விஸ்கி, ஒயின், நாள் முழுக்க எவ்வளவு வேண்டுமானாலும். எனக்கு ரத்த அழுத்தம், அவள் வாழ்நாளில் தொட்டதில்லை. "அடுத்தவங்க குடிக்கறதுக்கு நாம எதுக்குங்க மொய் வெக்கோணும்?" என்றாள். முன்பணம் கட்டவில்லை.

அதற்கப்புறம்தான் தேடும் முறையே மாறியது. கப்பலில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு என்ன இல்லை என்று பார்த்தோம். வைக்கிங் கடல் கப்பல்களில் 18 வயதுக்குக் கீழ் யாருக்கும் அனுமதியில்லை. சூதாட்டக் கூடம் கிடையாது. சாப்பிடும்போது பக்கத்தில் வந்து நின்று "ஸ்மைல் ப்ளீஸ்" சொல்லும் போட்டோக்காரர் கிடையாது, ஓவிய ஏலம் கிடையாது. மதியமும் இரவும் சாப்பாட்டோடு பீரும் ஒயினும் இதிலும் விலைக்குள் உண்டு, அந்த மொய்யிலிருந்து முழுதாகத் தப்ப முடியவில்லை. ஆனால் இணையமும், ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு சுற்றுலாவும் அதே விலைக்குள் வந்துவிடும். டிப்ஸ் எங்களுக்குத் தனி. ஒரு நாள் கணக்குப் போட்டால் பழைய கப்பலைப் போல மூன்று மடங்கு ஆனது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

கூட்டம் எவ்வளவு நெருக்கும் என்று தெரிய ஒரு வகுத்தல் கணக்கு உண்டு. கப்பலுக்குப் போடும் "மொத்த டன்" எடை அல்ல, உள்ளே இருக்கும் கொள்ளளவைக் குறிக்கும் எண். அதைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், வரும் எண் கூடக் கூட இடம் தாராளம். 2024-ல் வந்த ஐகான் ஆஃப் தி சீஸ் 2,48,663 டன், அறைக்கு இருவர் கணக்கில் 5,610 பேர், ஆளுக்கு 44. வைக்கிங் ஸ்டார் 47,800 சொச்சம், 930 பேர், ஆளுக்கு 51. சீபோர்ன் என்கோர் 70-க்குக் கிட்டே, ரீஜென்டின் எக்ஸ்ப்ளோரர் 73 வரும். 44-க்கும் 51-க்கும் பெரிய வித்தியாசமில்லையே என்று நானும் கேட்டேன். அறைக்கு இருவர் என்பதில்தான் சூட்சுமம். லீவு காலத்தில் மேல் படுக்கை, சோபா படுக்கை எல்லாவற்றிலும் பிள்ளைகள் ஏறினால் ஐகானில் அதிகபட்சம் 7,600 பேர், ஆளுக்கு 33-க்கும் கீழே இறங்கிவிடும். பிள்ளைகளே இல்லாத கப்பலில் அந்த ஏற்றம் இல்லை. இந்தப் பகுதி முழுக்க அவள் நோட்டிலிருந்து எடுத்தது.

அக்டோபரில் வைக்கிங்கில் போனோம். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் ஏறி, கோர்ஃபு, கோட்டோர், டுப்ரோவ்னிக் வழியாக வெனிஸ் வரை ஏழு இரவு. வெனிஸ் என்று பேர்தான். 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஊருக்கு நடுவே போகும் கால்வாயில் நுழையத் தடை. வெளியே ஒரு துறைமுகத்தில் இறக்கி பஸ் ஏற்றிவிட்டார்கள்.

முதல் இரண்டு நாள் எனக்கே பயமாக இருந்தது. சாயங்காலம் ஒருத்தர் பியானோ வாசிக்கிறார், நாலு பேர் புத்தகம் படிக்கிறார்கள், இரவு பத்து மணிக்கு வராந்தாவில் ஈ காக்காய் இல்லை. இத்தனை காசு கொடுத்து முதியோர் இல்லத்துக்குக் கூட்டிவந்துவிட்டோமோ என்று நினைத்தேன். பெரும்பாலும் அமெரிக்கர்கள், எங்களைவிடப் பத்து வயது மூத்தவர்கள். நம் முகம் இன்னும் இரண்டே பேர். மனைவிக்குக் கப்பலிலேயே பிடித்த இடம் துணி துவைக்கும் அறை. ஒவ்வொரு தளத்திலும் ஒன்று இருந்தது, காசு இல்லை, சோப்பும் அதுவே போட்டுக்கொள்ளும். ஒரு நாள் காணோமே என்று தேடிப் போனால், ஒரு வெள்ளைக்காரப் பாட்டியும் இவளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சுற்றுகிற துணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. மிஷின் நின்றதும் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு எழுந்தார்கள்.

கோட்டோருக்குள் கப்பல் நுழைவதைப் பார்க்க விடிவதற்கு முன்பே மேலே போய்விட்டோம். கடல் ஒரு ஆறு மாதிரி குறுகிக்கொண்டே போகிறது. இரண்டு பக்கமும் மலை நேராகத் தண்ணீரிலிருந்து எழும்புகிறது. பெராஸ்ட் என்ற சிற்றூருக்கு எதிரே இரண்டு குட்டித் தீவுகள், ஒன்றில் நீலக் கோபுரத்தோடு ஒரு மாதா கோயில். அம்பது அறுபது பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறோம், யாரும் பேசவில்லை, இன்ஜின் சத்தம்கூடக் கேட்கவில்லை. எங்கோ கரையில் ஒரு நாய் குரைத்தது. அப்போதுதான் சொன்னாள். "ஏனுங்க, மூணு நாளா நம்மள யாருமே கூப்புடலீங்க." எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அப்புறம்தான் தோன்றியது, அந்த மணி. இந்தக் கப்பலில் கேப்டன் ஒரு நாளைக்கு ஒரு தடவை பேசுவார், அத்தோடு சரி.

குறையையும் சொல்லிவிடுகிறேன், கம்பெனி ஆள் என்று நினைத்துவிடப் போகிறீர்கள். சைவச் சாப்பாடு சுமார். சிங்கப்பூர் கப்பலில் இந்தியச் சாப்பாட்டுக்குத் தனி வரிசையே இருந்தது, சாம்பார்கூட இருந்தது. இங்கே முந்தின நாளே சமையற்காரரிடம் சொல்லி வைத்தால் பருப்பும் சோறும் செய்து தந்தார்கள், ஆனால் நாலாம் நாள் அவளுக்கு வேறு ஏதாவது வேண்டியிருந்தது. இரவில் ஆட்டம் பாட்டம் எதிர்பார்த்தால் கொட்டாவிதான் வரும்.

விசா விஷயத்தில் கவனம். கிரீஸ், குரோஷியா, இத்தாலி ஷெங்கனுக்குள், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்குள். கோட்டோர் இருக்கும் மான்டினீக்ரோ வெளியே. ஒரு தடவை இறங்கினால் வெளியே போய்த் திரும்பி வந்த கணக்கு. அதனால் பலமுறை நுழையும் விசாவாக வாங்குங்கள். எங்களுக்கு விண்ணப்பம் போட்ட ஏஜென்ட் ஒருமுறை நுழைவு என்று டிக் அடித்துவிட்டு, "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார். அவளேதான் கண்டுபிடித்துத் திருத்தினாள்.

ஐரோப்பா வரை போக மனமில்லை, சிங்கப்பூரே போதும் என்றால் ஒரு நடுவழி இருக்கிறது. பெரிய கப்பலுக்குள்ளேயே தனிப் பகுதி. ஜென்டிங் ட்ரீம் கப்பலில் அதற்கு பேலஸ் என்று பெயர். வேறு ஊர்களில் ஏறுவதானால் எம்எஸ்சியில் யாட் கிளப், நார்வீஜியனில் ஹேவன். தனிக் குளம், தனிச் சாப்பாட்டு அறை, கவனிக்க ஆள். நாங்கள் இதில் போனதில்லை. மகனின் நண்பன் அவன் பெற்றோரைப் பேலஸில் அனுப்பினான், அவர்கள் திருப்தியாகத்தான் வந்தார்கள். ஆனால் கதவைத் திறந்து வெளியே வந்தால் அதே திருவிழாதான் என்றார்கள்.

பழைய கம்பெனியிலேயே போவதாக இருந்தாலும் மூன்று இரவுப் பயணத்தைத் தொடாதீர்கள், அது கொண்டாட்டக் கூட்டம். நாள் கூடக் கூட வயதும் கூடும், சத்தம் குறையும். மேலேயும் கீழேயும் கேபின் தளமே இருக்கிற மாதிரி, நடுவில், லிஃப்டுக்குக் கொஞ்சம் தள்ளி அறை எடுங்கள். பக்கத்து அறைக்குள் திறக்கும் இடைக்கதவு உள்ள கேபின் வேண்டவே வேண்டாம், அடுத்தவர் இருமினால் நம் அறையில் கேட்கும்.

அப்புறம், கெட்டில், ரைஸ் குக்கர் எதுவும் பெட்டியில் வைக்காதீர்கள், ஏறும்போதே எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். எங்கள் பருப்புப்பொடி டப்பாவை ஸ்கேனரில் இரண்டு தடவை பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.