வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ (1960) நாவலில், வீட்டைவிட்டு வெளியே வராத அண்டைவீட்டுக்காரர் பூ ராட்லி கடைசியில்தான் நேரில் வருகிறார். ஆனாலும் அவர்மேல் முன்பே பரிவு வந்துவிடுகிறதே, எப்படி?

பதில்: வதந்தி வாய்வழியாக வருகிறது, உண்மை பொருள்களாக வருகிறது. முதல் அத்தியாயத்தில் அவர் ஆறரை அடி உயரம், அணிலைப் பச்சையாகத் தின்பவர் என்கிறான் ஜெம், கதைசொல்லும் சிறுமி ஸ்கவுட்டின் அண்ணன். பக்கத்து வீட்டு வம்பும் சிறுவனின் கற்பனையும் கலந்த வர்ணனை அது. அதை அப்படியே நம்பிவிடுவதுதான் முதல் வாசிப்பில் பலரும் செய்யும் பிழை. பூ பிள்ளைகளுக்காகப் பொருள்கள் வைக்கும் மரப்பொந்தைக் கவனியுங்கள்: முதலில் சூயிங்கம், பிறகு இரண்டு பழைய நாணயங்கள், 7ஆம் அத்தியாயத்தில் சோப்பில் செதுக்கிய சிறுவனும் சிறுமியும். வேலியில் மாட்டிக் கிழிந்த ஜெம்மின் கால்சட்டை தைத்து மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. தையல் கோணல்மாணல். பழகாத கை! பொந்தைப் பூவின் அண்ணன் நேதன் சிமென்ட் வைத்து அடைத்த அன்று ஜெம் அழுவது ஏன் என்று ஸ்கவுட்டுக்குப் புரிவதில்லை, நமக்குப் புரிந்துவிடுகிறது.

என்னைக் கேட்டால், நம் பரிவுக்குக் கடினமான சோதனை அண்டைவீட்டு மூதாட்டி திருமதி டுபோஸ்தான் (11ஆம் அத்தியாயம்). பூ நல்லவர், அவரை நேசிப்பது எளிது. டுபோஸ் அம்மாளின் இனவெறி வசை வதந்தியல்ல, நிஜம். மார்ஃபின் பழக்கத்தை விட்டொழிக்க அவர் பட்ட பாட்டை அறிந்த பிறகும் அந்த வசை மன்னிக்கப்படுவதில்லை. இரண்டையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறார் பிள்ளைகளின் தந்தை அட்டிகஸ்.