மகனுக்கு லீவு இல்லையா? அப்படியென்றாலும் கோஜே தீவுக்குப் போங்கள்

கேள்வி: மகன் தென் கொரியாவின் கோஜே தீவில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்க்கிறான். "லீவு கிடைக்காது, இப்போது வந்தால் வீட்டுக்குள்ளேயேதான் இருக்க வேண்டும், அப்புறம் வாருங்கள்" என்கிறான். வயதான பெற்றோர் போகலாமா, காத்திருக்கலாமா?

பதில்:

போங்கள் சார். என் மகனும் நான்கு வருடம் இதையேதான் சொன்னான். நானும் சரி சரி என்று இருந்துவிட்டேன். அது இன்னும் மனதை உறுத்துகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். மகன் அதே தீவில் ஒக்போவில் இருக்கிறான். கப்பல் வாங்கும் கம்பெனியின் சார்பில், திரவமாக்கிய எரிவாயுவைச் சுமக்கும் எல்என்ஜி கப்பல்களில் வெல்டிங் இன்ஸ்பெக்டர். போன அக்டோபர் கடைசியில் நானும் மனைவியும் போய் 25 நாள் தங்கினோம். வசதியைக் காட்ட எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். டிக்கெட் அவன் எடுத்தது. அந்தப் பணத்தை எப்படிச் சேர்த்தான் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

முதலில் விசா. பணத்தைவிடப் பெயர்தான் படுத்தும். மகனின் பிறப்புச் சான்றிதழில் என் பெயர் இனிஷியலோடு இருந்தது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து கிடந்தது. இருவரும் ஒரே ஆள் என்று நிரூபிக்கவே இரண்டு மாதம் ஓடிவிட்டது. அதை இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பூசானில் கிம்ஹே விமான நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்தே கோஜேவுக்குப் பேருந்து உண்டு. தீவு என்றதும் படகில் போக வேண்டுமோ என்று மனைவி பயந்தாள். 2010 டிசம்பரில் திறந்த கோகா பாலம் வழியாகச் சாலையிலேயே போய்விடலாம். அதில் ஒரு பகுதி கடலுக்கு அடியில் சுரங்கமாகப் போகிறது. ஒவ்வொன்றும் 180 மீட்டர் நீளமுள்ள 18 கான்கிரீட் பெட்டிகளை மிதக்கவிட்டு இழுத்துவந்து, கடலில் இறக்கி, ஒன்றோடு ஒன்று பொருத்தியிருக்கிறார்கள். ஆழமான இடம் 48 மீட்டர். வாழ்நாள் முழுக்கச் சரக்கைத் தூக்கி இறக்கியவன் நான். அதற்குள் போகும்போது கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

விமான நிலையத்தில் விரல் ரேகை எடுத்தார்கள். என் விரல்கள் இரும்புக் கயிறும் கிரீஸும் பட்டுத் தேய்ந்தவை. அந்தப் பெண் பொறுமையாகத் துடைத்துவிட்டு இரண்டாவது முறை எடுத்தாள், முடிந்தது. ஊருக்குத் திரும்பி, ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று கொடுக்க வங்கிக்குப் போனால், ரேகை விழவில்லை, நாளை வாருங்கள் என்று மூன்று நாள் அலையவிட்டார்கள். எதிரே உட்கார்ந்திருக்கிற ஆள் உயிரோடு இருக்கிறான் என்பதை ஒரு கருவிதான் சொல்ல வேண்டுமா? முகத்தை வைத்துச் சான்று கொடுக்கும் வழி இருக்கிறதே, உழைத்துத் தேய்ந்த விரல்காரனுக்கு அதையாவது எடுத்துச் சொல்லக் கூடாதா? கேள்விக்குச் சம்பந்தமில்லாத பேச்சுதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, ஒக்போ. முதல் நாள் விடிந்ததும் ஜன்னலைத் திறந்தேன். எதிரே மலைச்சரிவு, கீழே வளைகுடா, நடுவில் 900 டன் தூக்கும், வாசல் மாதிரி இரண்டு கால் ஊன்றி நிற்கும் கோலியாத் கிரேன். நான் ஓட்டியதெல்லாம் அதன் பக்கத்தில் பொம்மை. ஏழு மணிக்கு மேல் சாலை நிறைய சைக்கிளும் மோட்டார் சைக்கிளும், எல்லோரும் ஒரே நிற வேலைச் சட்டையில் ஒரே வாசலை நோக்கிப் போகிறார்கள். அந்தக் கூட்டத்தில் என் மகன் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. லீவு போட்டு எங்களோடு சுற்றியிருந்தால் இதை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

தளத்துக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். ஆனால் ஒரு சாயங்காலம் அவன் பையைக் காலி செய்யும்போது பார்த்தேன். நீளக் கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி, டார்ச், வெல்டிங் அளக்கும் கருவி, சுண்ணாம்புக் கட்டி. என்னடா இது என்றேன். பால்கனிக்குக் கூட்டிப்போய், கம்பியில் வெல்டிங் போட்ட இடத்தின் அடியில் கண்ணாடியைப் பிடித்து, டார்ச் அடித்து, "இந்த ஓரத்துல பள்ளம் விழுந்திருக்கு பாருங்கப்பா, கப்பல்ல இப்படி இருந்தா நான் வட்டம் போட்டுருவேன், திரும்பப் போடணும்" என்றான். நான் பார்த்த எந்த இரும்பிலும் இது என் கண்ணில் பட்டதில்லை. நான்கு வருடம் வாட்சப்பில் "சாப்பிட்டியா, குளிரா" என்றே பேசியிருக்கிறோம். அவன் வேலை இன்னது என்று எனக்குத் தெரிந்தது அந்தப் பால்கனியில்தான்.

அவன் வேலைக்குப் போன பிறகு நாள் போகுமா என்று பயப்பட வேண்டாம். மனைவிக்கு, அதே தீவில் உள்ள கோஹியோன் என்ற ஊரின் சந்தையே போதும். அங்கே நெத்திலிக் கருவாடு பெட்டி பெட்டியாக, அளவு வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம்மூரில் பச்சையாகவே வெயிலில் காயப்போடுவோம். அங்கே உப்புத் தண்ணீரில் அவித்துக் காயவைக்கிறார்கள், வீச்சம் குறைவு. ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு "தேவலாம்" என்றாள். அவள் வாயில் அது பெரிய பாராட்டு.

நான் அதே ஊரில் போர்க்கைதிகள் முகாம் இருந்த இடத்துக்குப் போனேன். இப்போது அது நினைவுப் பூங்கா. கொரியப் போரில் வடக்கே ஹுங்னாம் துறைமுகத்திலிருந்து 1950 டிசம்பரில் ஒரு சரக்குக் கப்பல் சுமார் 14,000 அகதிகளை ஏற்றிக்கொண்டு இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்ததாம். மாலுமிகள் போக 12 பயணிகளுக்கு மட்டுமே இடம் இருந்த கப்பல் அது. வழியில் ஐந்து குழந்தைகள் பிறந்தன. பூங்காவில் அதற்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது, அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். சரக்கறைக்குள் அத்தனை பேரை எப்படி இறக்கியிருப்பார்கள் என்று துறைமுகத்து ஆளுக்குத்தான் யோசனை ஓடும்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒன்று: ஊர் முழுக்க ஏற்ற இறக்கம். மெதுவாக நடங்கள், காற்று பலமாக அடிக்கும், மஃப்ளர் கட்டாயம். சிலருக்கு அங்கே ஒத்துக்கொள்ளாமலும் போகலாம், எல்லோருக்கும் என் அனுபவமே வரும் என்று நான் சொல்லவில்லை.

பச்சைக் கறிவேப்பிலை, பழம், இறைச்சி எதுவும் பெட்டியில் வைக்காதீர்கள், பிடுங்கிவிடுவார்கள். புளியை மட்டும் பேஸ்டாக வாங்கிக்கொண்டு போங்கள். நெத்திலி அங்கேயே கிடைக்கும். வேலை முடிந்து வருகிற பிள்ளைக்கு அன்று ராத்திரியே குழம்பு வைத்துவிடலாம்.