சான்றிதழ் இருக்கு, பஸ் இல்லை: வேலை கேள்வி பதில்

"தொழிற்பயிற்சி, வேலைவாய்ப்பு பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்" என்று போன வாரம் எழுதினாலும் எழுதினேன், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டத்திலிருந்தும் கேள்விகள் குவிந்துவிட்டன. 2019-இல் மாவட்டத்தைப் பிரித்துவிட்டார்கள். வேலை தேடுகிறவர்களின் கஷ்டம் மட்டும் இன்னும் பழைய வடஆற்காடாகவே இருக்கிறது.

பயிற்சிக்கு ஆள் சேர்ப்பது, முடித்தவர்களை வேலையில் உட்கார வைப்பது, மூன்றாம் மாதம் ஏன் நின்றுவிட்டார்கள் என்று வீடு தேடிப் போய்க் கேட்பது: இதுதான் நான் பல வருஷம் பார்த்த வேலை. என்னிடம் கொடுப்பதற்கு வேலை எதுவும் கிடையாது. தயவுசெய்து பயோடேட்டா அனுப்பாதீர்கள்.

அணைக்கட்டு பக்கத்திலிருந்து ஒரு பெண்: பிளஸ் டூ முடித்து மூன்று மாதக் கணினிப் பயிற்சியும் முடித்தேன். வேலூரில் இரண்டு கடைகளில் பில்லிங் வேலை கிடைத்தது, இரண்டையும் விட்டுவிட்டேன். வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். இன்னொரு பயிற்சியில் சேரட்டுமா சார்?

வேண்டாம்மா. முதலில் எனக்கு ஒரு பதில் சொல்லுங்கள்: கடை எத்தனை மணிக்கு மூடுவார்கள், உங்கள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு?

வேலையை விட்டு நின்றவர்களின் காரணங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். "வேலை தெரியவில்லை" என்ற காரணம் அதில் அபூர்வம். பஸ் போய்விடுகிறது, குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை, மாமியாருக்கு உடம்பு சரியில்லை. அப்புறம் யாரும் வெளியே சொல்லாத ஒன்று: சேர்ந்த நாளிலிருந்து முதல் சம்பளம் வரும் வரைக்கும் சாப்பாட்டுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் கையில் காசு இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அது பெரிய உதவிதான். ஆனால் கடை மூடுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டால், டிக்கெட் இல்லாமல் போவதில் என்ன லாபம்?

அடுத்த நேர்காணலில் சம்பளத்துக்கு முன்னால் நேரத்தைக் கேளுங்கள். "காலையில் அரை மணி முன்னால் வருகிறேன், சாயங்காலம் ஏழரைக்கு விடுவீர்களா" என்று கேட்டால் ஒன்றிரண்டு முதலாளிகள் ஒத்துக்கொள்வார்கள். வீட்டில் அனுப்பினால், வேலூரில் வேலைக்குப் போகிற பெண்களுக்கான அரசின் தோழி விடுதி இருக்கிறது, விசாரியுங்கள். சான்றிதழ் ஒன்று போதும், இரண்டாவது வேண்டாம்.

குடியாத்தம்: வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 11 வருஷம். ஒரு நேர்காணல் கார்டுகூட வரவில்லை.

வராது. அரசுப் பணிகள் பெரும்பாலும் தேர்வு வழியாகப் போய்விட்டன. அதற்காகப் பதிவை விட்டுவிடாதீர்கள், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். பதிந்து ஐந்து வருஷம் ஆகியிருந்து, குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருந்தால் உதவித்தொகை உண்டு: பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. வயது வரம்பு 40, எஸ்சி, எஸ்டி என்றால் 45. அந்த அலுவலகத்தால் உண்மையான பயன் என்று கேட்டால், அவர்கள் நடத்தும் இலவசத் தேர்வுப் பயிற்சி வகுப்பும் தனியார் வேலைவாய்ப்பு முகாமும்தான்.

ஆம்பூர்: பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து, பேங்க் பாஸ்புக்கில் கணவர் இனிஷியல். ஷூ கம்பெனியில் பி.எஃப். பதிவு ஆகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அந்த வரிசையில் நின்று பார்க்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் உருது, தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியில் ஒரே பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொண்டு, ஆதாரை அதற்கு ஏற்றபடி திருத்துங்கள். அதற்கப்புறம் பான் கார்டு, கடைசியாக பேங்க். வரிசையை மாற்றாதீர்கள். ஆதாரில் பெயரை மொத்தமே இரண்டு தடவைதான் மாற்ற முடியும். அவசரத்தில் இ-சேவை மையத்தில் எழுத்துப் பிழையோடு ஒரு வாய்ப்பைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். திரையில் படித்துப் பார்த்த பிறகு சரி சொல்லுங்கள்.

இன்னொன்று, இதை எல்லோருக்குமே சொல்கிறேன்: அசல் சான்றிதழை எந்தக் கம்பெனியிலும், எந்தப் பயிற்சி மையத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டலாம், நகல் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

வாலாஜா: சிறு வயதில் தொழுநோய் வந்து முழுக்கக் குணமாகிவிட்டது. இரண்டு விரல் மடங்கியபடி இருக்கும். வேலை நன்றாகத் தெரியும். நேர்காணலில் கையைப் பார்த்ததும் "சொல்லி அனுப்புகிறோம்" என்கிறார்கள்.

தம்பி, உங்கள் கேள்விக்கு நம் ஊரிலேயே எழுபது வருஷத்துக்கு மேல் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளில் தசைநாணை மாற்றிப் பொருத்தி விரல்களை நிமிர்த்தினார். குணமானவர்கள் சில காலம் கழித்துத் திரும்பி வந்து அவரிடம் முறையிட்டார்கள்: கை நிமிர்ந்ததால் பிச்சை குறைந்துவிட்டது, தொழுநோயாளி என்பதால் வேலையும் கிடைக்கவில்லை. அறுவை சிகிச்சையோடு தன் வேலை முடியவில்லை என்று அவருக்கு அப்போது புரிந்தது. 1951-இல் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் குடிசைகள் போட்டு நவஜீவ நிலையம் தொடங்கினார்கள். தச்சு வேலை, மர பொம்மை செய்வது எல்லாம் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். உணர்ச்சியற்ற கைக்குக் காயம் படாமல் கருவியைப் பிடிப்பது எப்படி என்பதும் பாடத்தில் ஒன்று. அதே வேலூரில்தான், 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். பாகாயத்தில் அவர் பெயரில் இருக்கும் மறுவாழ்வு நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். உடம்பைத் தேற்றுவதோடு, வேலைக்கு எப்படித் திரும்புவது என்றும் பேசுவார்கள்.

சட்டப்படி, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்களும் உண்டு. தனித்துவ அடையாள அட்டை வாங்குங்கள். அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. வேலைவாய்ப்பு உதவித்தொகைக்கும் ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டாம், பதிந்து ஒரு வருஷம் போதும், தொகையும் கூடுதல். நேர்காணலில் கையை மறைக்க வேண்டாம். "பத்து நிமிஷம் மெஷினில் உட்கார வையுங்கள், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று நீங்களாகவே கேளுங்கள். பேச்சைவிட அந்தப் பத்து நிமிஷம் வேலை வாங்கித் தந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

காட்பாடி: வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 9 வருஷம்...

மேலே குடியாத்தத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பேரணாம்பட்டு: வயது 43, எட்டாவது பாஸ், கணவர் இல்லை. 12 வருஷம் ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைத்தேன். கம்பெனியை மூடிவிட்டார்கள். வேறு இடத்தில் "சர்டிபிகேட் இருக்கா, வயசு என்ன" என்கிறார்கள்.

அக்கா, 12 வருஷம் தைத்தவருக்கு எதற்குப் பயிற்சி? ஏற்கெனவே தெரிந்த வேலையைச் சோதித்துப் பார்த்துச் சான்று கொடுக்கும் முறை திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் இருக்கிறது. "முன் அனுபவ அங்கீகாரம்" என்று கேளுங்கள். சில நாள்தான் ஆகும், மாதக் கணக்கில் உட்கார வேண்டியதில்லை. வேறு தொழில் வேண்டும் என்றால், அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐ.டி.ஐ.) ஆண்களுக்கு 40 வயது வரைதான், பெண்களுக்கு உச்ச வயதே கிடையாது. எட்டாவது படிப்புக்கு வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகள் உண்டு. சிரிக்காதீர்கள், வெல்டிங்கில் பெண்கள் நன்றாகவே நிற்கிறார்கள்.

சோளிங்கர், தையல் வகுப்பு நடத்துபவர்: மகளிர் குழுவுக்குப் புதிதாக ஒரு தையல் மையம் ஆரம்பிக்கிறோம். எந்தத் திட்டத்தில் உதவி கிடைக்கும்?

தையலா? மறுபடியுமா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். எந்த ஊராட்சிக்குப் போனாலும் தையல், ஆரி ஒர்க், பியூட்டீஷியன். ஒரே தெருவில் பதினைந்து பேர் பிளவுஸ் தைத்தால், தைக்கக் கொடுப்பது யார்? உங்களுக்குப் பக்கத்தில் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனிகள் ஆள் தேடுகின்றன. ஆனால் மிதி மெஷினில் பிளவுஸ் தைத்தவரை அங்கே உட்கார வைத்தால் திணறுவார். துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். தோலில் ஊசி போன ஓட்டை ஓட்டைதான், அந்தப் பீஸ் வீண். அங்கே பவர் மெஷின், அதிலும் ஷூவுக்குத் தூண் மாதிரி நிற்கும் போஸ்ட் பெட் மெஷின். ஓரத்தைச் சீவி மெலிதாக்கும் ஸ்கைவிங், பசை, மடிப்பு, இதில் எது உங்கள் வகுப்பில் இருக்கிறது?

சோளிங்கர், மறுபடி: சார், நீங்கள் கம்பெனிப் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். என்னிடம் வருகிற பெண்ணுக்கு வீட்டை விட்டு வெளியே போக முடியாது. அதனால்தான் தையல் கேட்கிறாள். பொங்கலுக்கும் ஆடிக்கும் கல்யாண சீசனுக்கும் அவள் கையில் நாலு காசு புரள்கிறது. அது வேலை இல்லையா?

வாணியம்பாடியிலிருந்து ஒரு அம்மா: நான் ஷூ கம்பெனியில் எட்டு வருஷம் இருந்தேன். கம்பெனி பஸ் விடியற்காலையிலேயே ஊருக்குள் வந்துவிடும். திரும்பும்போது பிள்ளைகள் தூங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைதான் பிள்ளை முகம். சோளிங்கர் அக்கா சொல்வது நியாயம்.

ஆற்காடு, பெயர் வேண்டாம் என்றவர்: அந்தக் கம்பெனி சம்பளத்தில்தான் எங்கள் அம்மா என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தார். வீட்டுத் தையலில் அது நடந்திருக்குமா?

இதற்கு மேல் இருபது பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள், எல்லாவற்றையும் இங்கே போட முடியாது. "சாருக்கு எத்தனை கம்பெனி கமிஷன் தருது" என்று ஒருவர். ஒரு டீகூட வாங்கித் தந்ததில்லை ஐயா.

சரி, பாதி தோற்றதாக ஒப்புக்கொள்கிறேன். வகுப்பில் சேரும்போதே கேட்க வேண்டிய கேள்வியை நாங்கள் யாரும் கேட்டதில்லை: வெளியே போகிற எண்ணமா, வீட்டிலிருந்தா? வீட்டிலிருந்து என்பவருக்குத் தையலோடு கணக்கும், கொடுத்த காசைக் கேட்டு வாங்குகிற தைரியமும் சொல்லிக்கொடுங்கள். வெளியே போகிறவர்களுக்கு இரண்டே இரண்டு பவர் மெஷின் போட்டு, கடைசி இரண்டு வாரத்தைக் கம்பெனிக்குள்ளேயே நடத்துங்கள். வாணியம்பாடி அம்மா சொன்னது நெஞ்சில் நிற்கிறது. சட்டப்படி 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நடுவில் போய்ப் பார்க்கவும் அனுமதி உண்டு. ஆள் எடுக்க வருகிற கம்பெனியிடம் பயிற்சி மையம்தான் அதைக் கேட்க வேண்டும். தனியாக ஒரு பெண் கேட்டால் வேலை போய்விடும்.

உதவி பற்றிக் கேட்டீர்களே: வட்டார மகளிர் திட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கே.வி.குப்பம், ஒரு ஆசிரியர்: செங்கல் சூளையில் முன்பணத்துக்கு மாட்டியிருந்த இருளர் குடும்பத்துப் பையன்கள் நாலு பேர் மீண்டு வந்திருக்கிறார்கள். எந்தப் பயிற்சியில் சேர்க்கலாம்?

சார், பயிற்சி அப்புறம். விடுவிப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறதா? கோட்டாட்சியர் அதைக் கொடுத்திருந்தால் முன்பணக் கடன் 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி ரத்து. உடனடி உதவி 30,000 ரூபாய் வரை, மறுவாழ்வுத் தொகை ஆணுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் இரண்டு லட்சம். அந்தத் தாள் இல்லாவிட்டால் சூளைக்காரர் மறுபடி வாசலில் வந்து நிற்பார். அடுத்தது பழங்குடிச் சாதிச் சான்றிதழ், அதுவும் கோட்டாட்சியர்தான். அது கிடைத்தால் தாட்கோ (ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான அரசு நிறுவனம்) பயிற்சி, ஐ.டி.ஐ. எல்லாம் திறக்கும். பையன்களை அனுப்பாமல் நீங்களே கூடப் போங்கள். வாத்தியார் வந்திருக்கிறார் என்றால் நாற்காலி போடுவார்கள். உங்கள் ஊரிலேயே சி.எம்.சி.யின் கிராமப்புற சுகாதார, சமூகப் பணி மையமான ருஹ்சா 1977-லிருந்து இருக்கிறது, அங்கேயும் பேசிப் பாருங்கள்.

திருப்பத்தூர்: எல்லாத் திட்டமும் பெண்களுக்குத்தான். ஆண் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பையன் அரசு ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் மாதம் 750 உதவித்தொகை, தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் இன்னும் மாதம் 1,000. சேர்த்துவிட்டு வந்து கேளுங்கள்.

ஆரணி: துபாய் வேலை?

அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், கிண்டி. என்னைக் கேட்காதீர்கள்.

அரக்கோணம்: பதிந்து 14 வருஷம்...

மேலே. குடியாத்தம்.

நெமிலி: பனப்பாக்கம் சிப்காட் கார் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம். ஒருவர் 40,000 கட்டினால் நிச்சயம் என்கிறார். அசல் டிப்ளமோவும் கேட்கிறார். நல்லவர் போலத்தான் தெரிகிறார்.

நல்லவர் போலத் தெரியாவிட்டால் யார் காசு கொடுப்பார்கள் தம்பி? 2024 செப்டம்பரில் அந்தத் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டிய நாளிலிருந்து இந்த மாதிரி ஆட்கள் முளைத்துவிட்டார்கள். வேலைக்குக் காசு கேட்டால் அங்கே வேலை இல்லை. அசலைக் கேட்டால் கண்டிப்பாக இல்லை. ஏற்கெனவே ஜிபேயில் ஏதாவது அனுப்பியிருந்தால் இப்போதே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அந்த ஆளின் நம்பரை எனக்கு அனுப்ப வேண்டாம், போலீசுக்குக் கொடுங்கள்.

மிச்சக் கேள்விகள் அடுத்த வாரம். தையல் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.