வெல்டர் வேண்டும், செலவு வேண்டாம் என்றால்?

இந்தோனேசியாவிலிருந்து மலேசியாவுக்குக் கைத்திறன் உள்ள ஆட்களை எடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த வாரம் பதில்.

கேள்வி: கட்டுமானத் தளங்களில் இரும்புச் சட்டகம் பொருத்தும் சிறு குத்தகையாளர் நான். ஆறு வெல்டர்கள் தேவை. அந்நியத் தொழிலாளர் கோட்டா ஒப்புதல் கிடைத்துவிட்டது. சுராபாயாவில் ஆட்கள் தயாராக இருப்பதாக ஒருவர் சொல்கிறார். "உங்களுக்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. பாத்தாம் தீவிலிருந்து ஃபெர்ரியில் சுற்றுப்பயணிகளாக வந்து இறங்குவார்கள். பெர்மிட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். நம்பலாமா? (கிள்ளான்)

பதில்: நம்பாதீர்கள். அவருடைய கைப்பேசி எண்ணையும் அழித்துவிடுங்கள்.

வேலை செய்ய வருகிறவருக்கு அதற்கான விசா அவர் ஊரில் இருக்கும்போதே கைக்கு வந்திருக்க வேண்டும். சுற்றுப்பயணியாக வந்தவரை வேலையில் வைத்துப் பிடிபட்டால் குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவு பாய்வது முதலாளியின் மேல்தான். ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஐந்து பேருக்கு மேல் போனால் சட்டம் இன்னும் கடுமையாகிறது: ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்து ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. நீங்கள் கேட்பது ஆறு பேர். தரகர் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

அடுத்தது அந்த "செலவில்லை". ஆள் தேடவும், மருத்துவச் சோதனைக்கும், பயணத்துக்கும் யாரோ ஒருவர் பணம் கொடுத்தே ஆக வேண்டும். நீங்கள் கொடுக்கவில்லை என்றால் அந்த வெல்டர் கொடுத்திருக்கிறார். நெல் வயலை அடகு வைத்திருப்பார், மாட்டை விற்றிருப்பார், அல்லது அந்தத் தரகரிடமே வட்டிக்கு வாங்கியிருப்பார். அப்படி வருகிறவர் முதல் சம்பளத்திலிருந்தே கடனைத்தான் அடைக்கிறார். பக்கத்துத் தளத்தில் இருநூறு வெள்ளி கூடுதலாகத் தருகிறார்கள் என்று தெரிந்தால் ஒரு ராத்திரியில் போய்விடுவார். "இந்தோனேசியர்கள் ஓடிவிடுகிறார்கள்" என்று நம் குத்தகையாளர்கள் புலம்புவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. கடனைக் கழுத்தில் கட்டி அழைத்து வந்தால் மனிதன் வேறு என்ன செய்வான்?

சரியான வழி இருக்கிறது. இந்தோனேசியாவின் 2017ஆம் ஆண்டு 18ஆம் எண் சட்டப்படி, வெளிநாட்டு முதலாளிக்கு ஆள் அனுப்பும் தனியார் தொழில் பி3எம்ஐ எனப்படும் உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது. உரிமம் வாங்க 500 கோடி ரூப்பியா செலுத்தப்பட்ட மூலதனம் காட்ட வேண்டும். 150 கோடி ரூப்பியாவை அரசு வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். தொழிலாளருக்கு ஏதாவது நேர்ந்தால் அரசு கைவைக்கும் பணம் அது. கைப்பேசியோடு சுற்றும் தனியாள் இந்தத் தொழிலைச் செய்வது அங்கே 10 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

ஆகவே முதலில் நிறுவனத்தின் பெயரையும் உரிம எண்ணையும் கேளுங்கள். அதை இந்தோனேசியப் புலம்பெயர் தொழிலாளர் பாதுகாப்பு அமைச்சின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிபி2எம்ஐ என்ற பெயரில் இயங்கிவந்த வாரியம்தான் 2024 அக்டோபரில் இந்தத் தனி அமைச்சானது. உரிமம் ஐந்தாண்டுக்குத்தான் செல்லும், தேதியையும் பாருங்கள். இங்கே நடுவில் ஒரு முகவர் இருந்தால் அவரிடம் மலேசியாவின் 1981ஆம் ஆண்டுத் தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டத்தின்படி 'சி' வகை உரிமம் இருக்க வேண்டும். 'ஏ', 'பி' வகை வைத்திருப்பவர் அந்நியத் தொழிலாளரை இங்கே கொண்டுவர முடியாது.

பிறகு நீங்கள் ஆள் தேவைக் கடிதம் எழுதுகிறீர்கள்: என்ன வேலை, எத்தனை பேர், என்ன சம்பளம், தங்குமிடம் எப்படி. அதைக் கோலாலம்பூரில் உள்ள இந்தோனேசியத் தூதரகத்தின் தொழிலாளர் அதிகாரி சரிபார்த்து முத்திரையிடுவார். அந்த முத்திரையை வைத்துத்தான் அங்குள்ள நிறுவனம் உங்களுக்கென்று ஆள் சேர்க்கும் அனுமதி வாங்கும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, "ஆள் ரெடி, காகிதம் பிறகு" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

செலவில் ஒரு சிக்கலையும் தெரிந்துகொள்ளுங்கள். தொழிலாளர்மேல் அனுப்பும் செலவைச் சுமத்தக் கூடாது என்று இந்தோனேசியாவின் அந்த 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் 2020இல் வந்த ஒழுங்குவிதி வீட்டுப் பணி, முதியோர் பராமரிப்பு, தோட்ட வேலை உள்ளிட்ட பத்து வகை வேலைகளைத்தான் பெயர் சொல்லி விடுவித்தது. வெல்டர் அந்தப் பட்டியலில் இல்லை. தரகரின் கை நுழைவது இந்தச் சந்தில்தான். எல்லாச் செலவும் முதலாளியுடையது என்று உங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அந்நியத் தொழிலாளருக்காக அரசுக்குக் கட்டும் லெவி, கட்டுமானத் துறையில் 1,850 வெள்ளி, 2018 முதலே முதலாளியின் பொறுப்பு. அதைச் சம்பளத்தில் பிடிக்க முடியாது.

நமக்கு மலாய் தெரியும் என்பது பெரிய வசதி. தேர்வானவர்களோடு வீடியோ அழைப்பில் நீங்களே பேசுங்கள். முகவர் பக்கத்தில் இல்லாதபோது "பெராப்பா சூடா பாயார்?" (இதுவரை எவ்வளவு கட்டினீர்கள்?) என்று கேளுங்கள். கிராமத் தலைவர் அறிந்து மனைவியோ பெற்றோரோ தரும் சம்மதக் கடிதம் அவர்கள் சட்டப்படி கட்டாயம். அதன் நகலையும் வாங்கிப் பாருங்கள். வீட்டுக்குச் சொல்லிவிட்டு வருகிற ஆள்தானா என்பது தெரியும்.

கேள்வி: எல்லாருமே '6ஜி' சான்றிதழ் காட்டுகிறார்கள். உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (பாசிர் கூடாங்)

பதில்: முதலில் உங்களுக்கு 6ஜி தேவையா என்று பாருங்கள். 6ஜி என்பது 45 பாகை சாய்வில் அசையாமல் நிற்கும் குழாயைச் சுற்றிவந்து வெல்டிங் செய்யும் திறன். எண்ணெய், எரிவாயுக் குழாய்களுக்கு அது வேண்டும். தூண், உத்தரம், கைப்பிடிச் சட்டம் என்றால் செங்குத்தாக நிறுத்திய தகட்டில் செய்யும் 3ஜி, தலைக்குமேல் செய்யும் 4ஜி போதும். தேவையில்லாத தகுதிக்குச் சம்பளம் பேசிவிட்டு, வந்தவரைக் கிரில் கதவு செய்ய வைத்தால் அவரும் நிற்க மாட்டார்.

சான்றிதழில் இந்தோனேசியத் தேசியத் தொழில் சான்றிதழ் வாரியமான பிஎன்எஸ்பியின் பெயரும் கருடச் சின்னமும் இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா என்று பாருங்கள். ஆனால் காகிதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். பட்டறையில் பத்து ஆண்டு கை பழகிய உங்கள் மேஸ்திரியை விமானத்தில் அனுப்புங்கள். அந்த டிக்கெட் பணம் வீண் போகாது. அவர் கண் முன்னே தகட்டை நிறுத்திவைத்து வெல்டிங் செய்யச் சொல்ல வேண்டும். தீப்பொறி அடங்கியதும் தகட்டைத் திருப்பி அடிப்பக்கம் பார்க்க வேண்டும்: உலோகம் ஒரே சீராக மறுபக்கம் இறங்கியிருக்கிறதா, எங்காவது விட்டுவிட்டு ஓடியிருக்கிறதா? பிறகு அதிலிருந்து பட்டையாக அறுத்து, 'யு' வடிவத்துக்கு வளைத்துப் பார்க்க வேண்டும். வளைந்த முதுகில் 3 மில்லிமீட்டருக்கு மேல் ஒரு விரிசல் திறந்தாலும் அமெரிக்க வெல்டிங் தர விதிப்படி தோல்வி. மேஸ்திரி திரும்பும்போது அந்தப் பட்டைகளில் பெயர் எழுதி எடுத்து வரட்டும். தேர்வானவர் ஒருவர், வந்து இறங்குபவர் வேறொருவர் என்று ஆகாமலிருக்க, சோதனை நேரத்திலேயே கடப்பிதழோடு சேர்த்துப் படமும் எடுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: படுக்கையில் இருக்கும் தந்தையைப் பார்த்துக்கொள்ள இந்தோனேசியப் பெண் ஒருவரை முகவர் ஏற்பாடு செய்கிறார். அவர் கட்டணத்தை அந்தப் பெண்ணின் ஆறு மாதச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார். வழக்கம்தானே? (ஈப்போ)

பதில்: வழக்கம்தான், தவறான வழக்கம். முதியோர் பராமரிப்பு நான் மேலே சொன்ன பத்து வகைகளில் ஒன்று. அவரிடம் ஒரு காசும் பிடிக்கக் கூடாது. 2022 ஏப்ரல் 1இல் இரு நாடுகளும் கையெழுத்திட்ட வீட்டுப் பணியாளர் ஒப்பந்தத்தில் பேசிய சம்பளம் மாதம் 1,500 வெள்ளி. அந்த ஒப்பந்தம் மீறப்படுகிறது என்று அதே ஆண்டு ஜூலையில் இந்தோனேசியா ஆள் அனுப்புவதையே நிறுத்திவைத்து, ஆகஸ்டில்தான் மீண்டும் தொடங்கியது.

இன்னொன்று: தந்தைக்குக் குழாய் வழி உணவா, புண் கட்டுவதா, இரவில் புரட்டிப் படுக்கவைக்க வேண்டுமா? எல்லாவற்றையும் தேவைக் கடிதத்தில் எழுதுங்கள். வீடு துடைக்க என்று சொல்லி அழைத்து நோயாளியை ஒப்படைப்பது அந்தப் பெண்ணுக்கும் உங்கள் தந்தைக்கும் அநியாயம்.

கேள்வி: நல்ல தாதியர் எல்லாரும் ஜப்பானுக்குப் போய்விடுவதாக முகவர் சொல்கிறார். உண்மையா? (சிரம்பான்)

பதில்: நிறையப் பேர் போகிறார்கள். 2008 முதலே தாதியரையும் பராமரிப்பாளரையும் ஜப்பான் அரசு ஒப்பந்தத்தின் வழி எடுக்கிறது. 2019 ஏப்ரலில் திறன் தொழிலாளருக்கென்று தனி விசாவும் கொண்டுவந்தது. மொழி கற்றுக்கொடுத்து, எழுதிய சம்பளத்தைக் கொடுக்கும் நாட்டைத்தான் கைத்திறன் உள்ளவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். நமக்கு மொழியும் உணவும் அருகாமையும் சாதகம். சம்பளத்தில் நாம் தாராளம் காட்டினால்தான் அவை பயன்படும்.

கேள்வி: ஓடிவிடாமலிருக்கக் கடப்பிதழை நான் வைத்துக்கொள்ளலாமா? (சுங்கைப் பட்டாணி)

பதில்: கூடாது. 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டத்தின்படி 10,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தங்குமிடத்தில் ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி வாங்கிப் போடுங்கள். சாவி தொழிலாளரிடமே இருக்கட்டும், மாற்றுச் சாவியும் சேர்த்து.