புட் ஆஃப் என்றால் ரத்து இல்லை

மீட்டிங் 'புட் ஆஃப்' என்று மேனேஜர் மெயில் அனுப்ப, ரத்து என்று நினைத்துத் தயாரித்த குறிப்புகளை அழித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். வருத்தப்படாதீர்கள், பலரும் தடுக்கி விழும் இடம் இது.

புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடுவது. கூட்டம் உண்டு, வேறொரு நாளில். அடியோடு ரத்து என்றால் 'கால் ஆஃப்'. நம் 'தள்ளிப்போடு' என்பதையே பாருங்கள்: தள்ளு, போடு என்று பிரித்தால் அந்தப் பொருள் கிடைக்காது. இதையும் அப்படி ஒரே சொல்லாகவே மனதில் வையுங்கள்.

உங்கள் பதிலில் 'புட் ஆஃப் இட்' என்று எழுதியிருக்கிறீர்கள், அது தவறு. 'இட்' நடுவில்தான் வரும்: 'புட் இட் ஆஃப்'. 'த மீட்டிங்' என்றால் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம்.

அப்புறம், இன்னொரு பொருளும் உண்டு. 'த ஸ்மெல் புட் மீ ஆஃப்' என்றால் வாடை பட்டதுமே சாப்பிடும் ஆசை போய்விட்டது என்று அர்த்தம். அங்கே தள்ளிப்போடுவதற்கு எதுவும் இல்லை, மனம் விலகிவிடுகிறது.

சரி, முதலில் புதிய தேதி என்ன என்று மேனேஜரிடம் இன்றே கேட்டுவிடுங்கள்.