மெல்லிசை மேடையில் கீபோர்டு டோன்களைத் தடுமாறாமல் மாற்ற எப்படி அடுக்கி வைப்பது?

கேள்வி இது: ஒரு கச்சேரிக்கு 25 பாட்டு, பாட்டுக்கு நாலைந்து டோன் (கருவி ஒலி). ரிகர்சலில் சரியாக வருகிறது, மேடையில் பட்டன் தேடுவதற்குள் பிட் (வாசிக்க வேண்டிய இசைத்துண்டு) போய்விடுகிறது. கையில் இருப்பது யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்900. என்ன செய்யலாம்?

முதலில், டோனை வகைவாரியாக அடுக்குவதை விடுங்கள். பியானோ ஒரு பேங்க் (பத்து எண் பட்டன்களின் தொகுப்பு), ஸ்ட்ரிங்ஸ் ஒரு பேங்க் என்று வைத்தால் பாட்டின் நடுவில் பேங்க் தாண்ட வேண்டியிருக்கும். 120 டெம்போவில் (நிமிடத்துக்கு 120 பீட்) ஒரு பீட் என்பது அரை விநாடிதான். அதற்குள் பேங்க் மாற்றி, எண்ணையும் அழுத்த யாராலும் முடியாது. ஒரு எண் பட்டனில் பதிந்து வைக்கும் டோன், வால்யூம் முதலிய அமைப்புதான் ரெஜிஸ்ட்ரேஷன். ஒரு பாட்டுக்கு ஒரு ரெஜிஸ்ட்ரேஷன் பேங்க். அதற்குள் 1 முதல் 10 வரை பாட்டில் வரும் வரிசையிலேயே டோன்கள். தொடக்க ஸ்ட்ரிங்ஸ் 1, பல்லவிக்கு எலெக்ட்ரிக் பியானோ 2, முதல் இடையிசை பிராஸ் 3 என்று விரல் இடமிருந்து வலமாகப் போனால் போதும். கண் பட்டனைப் பார்க்கவே வேண்டாம்.

பேங்க் கோப்புக்கு வரிசை எண் போடாமல் பாட்டின் முதல் சொல்லையே ஆங்கில எழுத்தில் பெயராக வையுங்கள். பாட்டு வரிசை ஊருக்கு ஊர் மாறும், பாட்டு மாறாது. அன்றைய வரிசையைப் பிளேலிஸ்ட்டில் அடுக்குங்கள். ரசிகர் துண்டுச் சீட்டு அனுப்பினால், அகரவரிசையில் இருக்கும் கோப்பை எடுக்க அதிக நேரம் ஆகாது. ஒரு எச்சரிக்கை: பிளேலிஸ்ட்டில் இருப்பது அந்தக் கோப்புக்கான வழி மட்டுமே. கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் பாட்டு திறக்காது. ஃபோல்டரை முதலிலேயே முடிவு செய்துவிட்டு, பிறகு தொடாதீர்கள்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் டிரான்ஸ்போஸ், அதாவது சுருதியை ஏற்றி இறக்கும் வசதி. பாடகர் மேடையில் வந்து "அரைக் கட்டை இறக்குங்க" என்கிறார். டிரான்ஸ்போஸை ஒன்று குறைத்து ஆரம்பிக்கிறீர்கள். தொடக்க ஸ்ட்ரிங்ஸ் சரியாகப் போகிறது. பல்லவிக்கு 2-ஐ அழுத்தியதும் கீபோர்டு மட்டும் பழைய சுருதிக்குத் தாவி, கிட்டாரும் பேஸும் வேறு சுருதியில் நிற்கின்றன. காரணம், அந்த ரெஜிஸ்ட்ரேஷனுக்குள் டிரான்ஸ்போஸும் சேர்ந்து பதிவாகியிருக்கிறது. மெமரி பட்டனை அழுத்தியதும் எந்தெந்தப் பகுதி பதிவாக வேண்டும் என்று டிக் பட்டியல் வரும். 1-ஆம் எண்ணைப் பதியும்போது மட்டும் டிரான்ஸ்போஸில் டிக் இருக்கட்டும். 2 முதல் 10 வரை அதை எடுத்துவிடுங்கள். பாட்டைத் திறந்து 1-ஐ அழுத்தினால் சரியான சுருதி வரும், போன பாட்டின் மிச்சம் ஒட்டாது. அதன் பிறகு கையால் மாற்றியது பாட்டு முடியும்வரை நிற்கும். ஆனால் நடுவில் 1-க்குத் திரும்பக்கூடாது, திரும்பினால் மறுபடி பழைய சுருதி. தொடக்க டோன் பின்னால் மறுபடி வரும் பாட்டில், அதையே இன்னொரு எண்ணிலும் டிரான்ஸ்போஸ் இல்லாமல் பதிந்து வையுங்கள். ஃப்ரீஸ் பட்டனாலும் டிரான்ஸ்போஸை மாறாமல் நிறுத்திவைக்கலாம், ஆனால் அதைப் போட மறந்துவிட்டால் அவ்வளவுதான். பதிவிலேயே சரிசெய்வதைத்தான் நான் நம்புவேன்.

டிரம்மரும் தபலாவும் இருக்கும் குழுவில் ஸ்டைல் (கீபோர்டே வாசிக்கும் தாளப் பின்னணி), டெம்போ டிக்குகளையும் எடுத்துவிடலாம். பதிந்து முடித்ததும் பேங்கைக் கோப்பாகச் சேவ் செய்தால்தான் வேலை முடிந்தது.

மாற்றவே நேரம் இல்லாத இடங்களும் உண்டு. ஸ்ட்ரிங்ஸ் இழுத்து முடிவதற்குள் புல்லாங்குழல் பிட் தொடங்கும். அங்கே பட்டன் வேகம் உதவாது. இரண்டையும் ஒரே ரெஜிஸ்ட்ரேஷனில் வையுங்கள்: லெஃப்ட் பார்ட்டில் (இடது கைப் பகுதி) ஸ்ட்ரிங்ஸ், ரைட் 1-இல் (வலது கைப் பகுதி) புல்லாங்குழல், இரண்டும் பிரியும் ஸ்ப்ளிட் பாயிண்ட் நடு சி பக்கம். இடது கை ஸ்ட்ரிங்ஸை இழுத்துப் பிடித்திருக்க, வலது கை குழலைத் தொடங்கிவிடலாம். ஸ்ட்ரிங்ஸ் கீழே தள்ளிப்போனால் லெஃப்ட் பார்ட்டை மட்டும் ஒரு ஆக்டேவ் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு கையும் ஓயாத பாட்டுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் சீக்வென்ஸ். 1-2-3-2-4 என்று வரிசை கொடுத்து, ஒரு ஃபுட்ஸ்விட்சுக்கு "அடுத்தது" என்று ஒதுக்கினால் காலாலேயே நகரலாம். இந்தப் பெடலை இடது காலுக்கு வையுங்கள். சஸ்டெயின் பெடலுக்கு (ஸ்வரத்தை இழுத்து நிறுத்தும் பெடல்) பக்கத்தில் வைத்தால் தவறி மிதிப்பது நிச்சயம். சீக்வென்ஸ் முடிந்ததும் என்ன ஆக வேண்டும் என்ற இடத்தில் "ஸ்டாப்" தேர்ந்தெடுங்கள். "நெக்ஸ்ட் பேங்க்" இருந்தால் ஒரு மிதி கூடியதும் அடுத்த பாட்டுக்குப் போய்விடும். சஸ்டெயினை விட்ட பிறகே டோன் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பழைய ஒலியும் புதியதும் ஒன்றன்மேல் ஒன்று குழம்பும். கீபோர்டை ஆன் செய்யும்போது பெடலில் கால் இருக்கக்கூடாது. இருந்தால் பெடல் தலைகீழாக வேலை செய்யும்: மிதித்தால் நிற்கும், விட்டால் இழுக்கும்.

அடுத்தது வால்யூம். ஹெட்போனில் சமமாகக் கேட்ட டோன்கள் மேடையில் சமமாக இருக்காது. சத்தம் கூடும்போது பிராஸும் சின்த் லீடும் (தனியாக வாசிக்கும் எலெக்ட்ரானிக் ஒலி) காதைக் குத்தும், பேட் (பின்னணியில் நீளும் மெல்லிய ஒலி) காணாமல் போகும். ஸ்பீக்கரில், கச்சேரி அளவுக்குச் சத்தம் வைத்து, டிரம்ஸோடு வாசித்துப் பார்த்துப் பதியுங்கள். பியானோவை 100-இல் வைத்து, பல்லவிக்குப் பின்னால் ஓடும் ஸ்ட்ரிங்ஸை 75 பக்கமும், தனியாக வரும் குழல், வயலினை 110 பக்கமும் வைத்துத் தொடங்கலாம். உச்ச அளவான 127-இல் எதையும் வைக்காதீர்கள், தேவைப்படும்போது ஏற்ற இடம் இருக்காது. கல்யாண மண்டபமே எதிரொலிக்கும், அங்கே ரிவெர்பை (எதிரொலி எஃபெக்ட்) குறையுங்கள். மிக்சரில் ஒரே சேனல்தான் கிடைக்கிறது என்றால் எல்/எல்+ஆர் ஜாக்கில் மட்டும் கேபிள் குத்துங்கள். ஆர் ஜாக்கில் குத்தினால் ஒரு பக்க ஒலி மட்டுமே போகும்.

வாசித்துப் பழகாத பாட்டு திடீரென்று வரும். அதற்கென்று ஒரு பொது பேங்க் வேண்டும்: 1 பியானோ, 2 எலெக்ட்ரிக் பியானோ, 3 ஸ்ட்ரிங்ஸ், 4 பேட், 5 பிராஸ், 6 புல்லாங்குழல், 7 தனி வயலின், 8 நாதஸ்வரம், 9 ஆர்கன், 10 லீடு. உங்கள் வரிசை வேறாக இருக்கலாம். ஒருமுறை வைத்தபின் இடத்தை மாற்றாதீர்கள், விரல் பழகுவது அந்த இடத்துக்குத்தான்.

வேறு கீபோர்டு என்றால் பெயர்தான் மாறும். யமஹா எம்ஓடிஎக்ஸில் லைவ் செட், ஒரு பக்கத்துக்கு 16 இடம். கோர்க் குரோனோஸில் செட் லிஸ்ட். ரோலண்ட் ஜூனோ-டிஎஸ்ஸில் ஃபேவரிட். எம்ஓடிஎக்ஸிலும் (நான்கு பார்ட் வரை) குரோனோஸிலும் டோன் மாற்றும்போது பிடித்திருக்கும் ஸ்வரம் அறுபடாமல் தொடரும். எல்லா மாடலிலும் அப்படி இல்லை. ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டே மாற்றிப் பாருங்கள். அறுந்தால் அல்லது ஒலி சட்டென்று நிறம் மாறினால், அந்த மாற்றத்தை பாடகர் மூச்செடுக்கும் இடத்துக்குத் தள்ளுங்கள்.

எல்லா பேங்கையும் இரண்டு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். வாடகைக் கீபோர்டில் வாசிப்பதாக இருந்தால், நாதஸ்வரம், வீணை போன்றவற்றை எக்ஸ்பேன்ஷன் பேக்காக (கூடுதல் டோன் தொகுப்பு) ஏற்றியிருப்பீர்கள் அல்லவா, அந்த பேக் அந்த மெஷினிலும் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். பேங்க் திறக்கும், ஆனால் பேக் இல்லாத டோன் வராது. பாட்டுப் பெயர், சுருதி, எண் வாரியாக டோன் எழுதிய ஒரு தாளும் கீபோர்டு பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.